ஒல்லியாகத் தெரியும் அப்பாவுக்குச் சர்க்கரை, பருமனான அக்காவுக்கு எல்லாம் இயல்பு: கொழுப்பு உடம்பில் என்னதான் செய்கிறது?

வைகைக்கரை:

ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பரிசோதனை முடிவுகள் வந்தன. அப்பாவுக்கு வயது 58, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருக்கும். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4, இரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 268, 'நல்ல கொழுப்பு' எனப்படும் ஹெச்டிஎல் 34. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு), இரண்டாம் நிலை. அக்காவுக்கு வயது 36, எடை 88 கிலோ. பள்ளியில் படித்த நாளிலிருந்தே பருமன். அவருக்குச் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், கல்லீரல் எல்லாம் இயல்பு.

விசேஷ வீடுகளில் உறவினர்கள் அக்காவைப் பார்த்துத்தான் அறிவுரை சொல்கிறார்கள். அப்பாவை "உடம்பைக் கட்டாக வைத்திருக்கிறார்" என்று மெச்சுகிறார்கள். எடைதான் நோய்க்குக் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்? அப்பாவுக்கு மருத்துவரிடம் சிகிச்சை தொடங்கிவிட்டது. உடம்புக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளவே இந்த இணையக் குழுவில் கேட்கிறேன்.

கணக்கர்:

உடம்பும் இயற்பியல் விதிக்குக் கட்டுப்பட்டதுதான். செலவுக்கு மேல் உண்டால் எடை ஏறும், குறைத்து உண்டால் இறங்கும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. இருவருமே தேவைக்கு மேல் உண்டிருக்கிறார்கள். அக்காவுக்கு வயது குறைவு என்பதால் நோய் இன்னும் வெளியே தெரியவில்லை. இதை விளங்கிக்கொள்ள உயிர்வேதியியல் எதுவும் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

வேதிவகுப்பு:

கணக்கர் சொல்லும் ஆற்றல் கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வைகைக்கரை கேட்டது அதுவல்ல. எடை ஏன் ஏறுகிறது என்பது ஒரு கேள்வி. ஏறிய எடை ஒருவரை நோயாளியாக்கி இன்னொருவரை ஏன் விட்டுவைக்கிறது என்பது வேறொரு கேள்வி. கல்லூரியில் நீண்ட காலம் உயிர்வேதியியல் நடத்தியவள் நான். மாணவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்புவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கொழுப்புத் திசுவை ஒரு குதிராக நினைத்துக்கொள்ளுங்கள். நெல் குதிருக்குள் இருக்கும்வரை வீட்டுக்கு நல்லது. குதிர் நிரம்பிய பிறகும் நெல் வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் திண்ணையிலும் அடுப்படியிலும் கொட்ட வேண்டியதுதான். அதன் பிறகு அந்த வீட்டில் எந்த வேலையும் ஒழுங்காக நடக்காது. உங்கள் அக்காவுக்குக் குதிர் பெரியது. அப்பாவுக்குச் சிறியது, அதுவும் நிரம்பிவிட்டது.

இனி வேதியியலுக்கு வருகிறேன். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைடை, நுண்குழாய்ச் சுவரில் இருக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி உடைக்கிறது. கிடைக்கும் கொழுப்பு அமிலங்கள் கொழுப்புச் செல்லுக்குள் நுழைந்து, மறுபடியும் ட்ரைகிளிசரைடாகக் கோக்கப்பட்டு ஒரு துளியாகத் தங்குகின்றன. பட்டினி நேரத்தில் இது தலைகீழாக நடக்கும். அட்ரினலின் வகை ஹார்மோன்கள் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவை உயர்த்துகின்றன. துளியைச் சுற்றிக் காவலிருக்கும் பெரிலிப்பின் புரதம் விலகுகிறது. ஏடிஜிஎல், ஹெச்எஸ்எல், எம்ஜிஎல் என்ற மூன்று நொதிகள் வரிசையாக ஒவ்வொரு கொழுப்பு அமிலத்தைக் கழற்றி இரத்தத்துக்கு அனுப்புகின்றன. இன்சுலின் வந்தால் சைக்ளிக் ஏஎம்பி சிதைக்கப்பட்டு இந்த வெளியேற்றம் நின்றுவிடும். மிகக் குறைந்த அளவு இன்சுலின் இருந்தாலே நடந்துவிடும் வேலை இதுதான்.

கொழுப்புச் செல் அளவுக்கு மீறிப் பருத்தால் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துபோகிறது. வயிறு நிறைய உண்ட பிறகும் அது கொழுப்பு அமிலத்தைக் கசியவிடுகிறது. கசிந்தது கல்லீரல், தசை, கணையம், இதயத்தைச் சுற்றிய பகுதி என்று இருக்கக் கூடாத இடங்களில் போய்ப் படிகிறது. அப்பாவின் ஸ்கேனில் தெரிவது அதுதான்.

கொழுப்பின் மொத்த அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம் என்பதற்குச் சான்று கேட்பீர்கள். லிப்போடிஸ்ட்ரோபி என்றொரு அரிய நோய் உண்டு. அதில் பிறவியிலேயே கொழுப்புத் திசு உருவாகாமல் போகலாம். தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத அந்த மெலிந்த நோயாளிகளுக்குக் கடுமையான சர்க்கரை நோய், வீங்கிய கொழுப்புக் கல்லீரல், ஆயிரக்கணக்கில் ஏறிய ட்ரைகிளிசரைடு எல்லாம் வருகின்றன. சேமிக்க இடமே இல்லாதபோது என்ன ஆகும் என்பதை அவர்கள் உடல் காட்டுகிறது.

எதிர்ப்புறமும் பாருங்கள். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான பெண்களின் வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை லைப்போசக்‌ஷன் மூலம் உறிஞ்சி எடுத்தார்கள். எடை குறைந்தது. ஆனால் இன்சுலின் செயல்திறன், இரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு எதிலும் முன்னேற்றம் இல்லை. எடுக்கப்பட்டது குதிரிலிருந்த நெல். வெளியே சிந்தியது சிந்திய இடத்திலேயே கிடந்தது.

பயோகிளிட்டசோன் மாத்திரை இன்னும் வியப்பானது. அது பிபிஏஆர்-காமா என்ற ஏற்பியை (செல்லில் செய்தியை வாங்கும் புரதம்) தூண்டிப் புதிய, சிறிய கொழுப்புச் செல்களை உருவாக்குகிறது. எடை சில கிலோ ஏறுகிறது. சர்க்கரையும் கல்லீரல் கொழுப்பும் குறைகின்றன.

செம்மண்:

அம்மா, நன்றாகப் புரிகிறது. ஓர் இடத்தில் மட்டும் நிற்கிறேன். கொழுப்பு தசைக்குள் போய்ப் படிந்தால் சர்க்கரை ஏன் ஏற வேண்டும்? அது வேறு பொருள், இது வேறு பொருள் அல்லவா?

வேதிவகுப்பு:

இன்சுலினின் தூண்டுதலால் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். தசைச் செல்லுக்குள் குளூக்கோஸ் நுழைய குளூட்-4 என்ற கடத்திப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டும். இன்சுலின் தன் ஏற்பியில் அமர்ந்ததும் ஐஆர்எஸ்-1, பிஐ-3 கைனேஸ், ஏகேடி என்ற புரதங்கள் வழியே செய்தி கைமாறிப் போய்க் கடைசியில் குளூட்-4 மேலே வருகிறது.

கொழுப்பு அமிலம் எரிக்கப்படும் வேகத்தைவிட அதிகமாக உள்ளே வரும்போது டைஅசைல்கிளிசரால் என்ற இடைநிலைப் பொருள் தேங்குகிறது. அது புரோட்டீன் கைனேஸ்-சி வகை நொதிகளைத் தூண்டுகிறது. அந்த நொதிகள் ஐஆர்எஸ்-1 மீது தவறான இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டி, செய்தியைத் தொடக்கத்திலேயே மழுங்கடிக்கின்றன. கல்லீரலில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நொதி இன்சுலின் ஏற்பியையே பிடித்துக்கொள்கிறது. செராமைடு என்ற மற்றொரு கொழுப்புப் பொருள் ஏகேடியைத் தடுக்கிறது. இன்சுலின் இரத்தத்தில் நிறையவே இருக்கும், ஆனால் செல்லுக்குள் அதன் சொல் எடுபடாது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

நெடுந்தூரம் ஓடும் விளையாட்டு வீரர்களின் தசையிலும் கொழுப்பு நிறைய உண்டு. ஆனால் அவர்களுக்கு இன்சுலின் மிக நன்றாக வேலை செய்கிறது. அவர்கள் தசையில் கொழுப்பு ட்ரைகிளிசரைடாகப் பாதுகாப்பாக இருந்து அன்றாடம் எரிந்து தீர்கிறது, இடைநிலைப் பொருள்கள் தேங்குவதில்லை. அமர்ந்த இடத்திலேயே வேலை பார்ப்பவருக்கு அப்படி இல்லை.

ஆய்வுக்கூடம்:

ஆசிரியை சொன்னதில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருக்கிறது. கொழுப்புத் திசு அழற்சியடைகிறது. நான் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்வது இதில்தான், அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

1993-இல் ஹோத்தமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர் பருமனான எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதைக் காட்டினார்கள். 2003-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், பருமன் கூடக் கூட அந்தத் திசுவுக்குள் மேக்ரோபேஜ் என்ற நோய்த்தடுப்புச் செல்கள் குவிகின்றன என்று கண்டன. பருத்து வெடித்து இறந்த கொழுப்புச் செல்லை அவை வட்டமாகச் சூழ்ந்து நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அவை விடும் பொருள்களும் இன்சுலின் செய்தியைக் குலைக்கின்றன. பருமன் என்பது ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி நிலை. இதை விட்டுவிட்டுச் சேமிப்பு இடம் பற்றி மட்டும் பேசுவது பாதிக் கதை.

வேதிவகுப்பு:

தம்பி, அழற்சி இருப்பதை நான் மறுக்கவில்லை. எது முதலில் வருகிறது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். டிஎன்எஃப்-ஆல்ஃபாவைத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்துக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. எலியில் கண்ட பலனை எதிர்பார்த்துச் சர்க்கரை நோயாளிகளிடமும் அவற்றைச் சோதித்தார்கள். இன்சுலின் எதிர்ப்பில் அந்த அளவு மாற்றம் கிடைக்கவில்லை. அழற்சி மூலகாரணமாக இருந்தால் இன்னும் தெளிவான பலன் தெரிந்திருக்க வேண்டும். செல் பருத்து இறந்த பிறகுதானே துப்புரவு செய்ய மேக்ரோபேஜ் வருகிறது?

ஆய்வுக்கூடம்:

ஒரே ஒரு பொருளைத் தடுத்துப் பார்த்துவிட்டு முழு அழற்சியையும் தள்ளிவிட முடியாது என்பது என் நிலை. ஆனால் செல் பருப்பதுதான் தொடக்கம் என்பதில் நான் உங்கள் பக்கமே. அதற்கு ஓர் அழகான ஆய்வு உண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அது உணவு வழியே எல்லோருடைய டிஎன்ஏவிலும் ஏறியது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் அந்த அளவைக் கொண்டு கொழுப்புச் செல்களின் பிறந்த காலத்தைக் கணித்தார்கள். 2008-இல் வந்த முடிவு இது: கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் பதின்ம வயதிலும் தீர்மானமாகிவிடுகிறது. வயதுவந்த பிறகு ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதச் செல்கள் இறந்து அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன, மொத்தம் ஏறக்குறைய மாறுவதில்லை.

சிறு வயதிலேயே பருமனானவருக்குச் செல்கள் அதிகம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். செல் குறைவாக உள்ளவர் நாற்பது வயதுக்கு மேல் சில கிலோ கூடினாலும் அந்தச் சில செல்களே ஊதிப் பெருக்க வேண்டும். வைகைக்கரை வீட்டு விஷயத்துக்கு இது பொருந்தக்கூடும்.

2007-இல் செய்த ஒரு எலிச் சோதனையும் ஆசிரியை பக்கமே பேசுகிறது. அடிப்போனெக்டின் என்பது கொழுப்புச் செல்லே சுரக்கும் நல்ல ஹார்மோன், பருமன் கூடினால் இது குறையும். பிறவிப் பருமன் உள்ள எலிகளில் இதை மிகையாகச் சுரக்க வைத்தபோது அவை இன்னும் பெரிதாகப் பருத்தன. ஆனால் கல்லீரலில் கொழுப்பு குறைந்தது, சர்க்கரை இயல்புக்கு வந்தது.

சிறுதானியம்:

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். இன்சுலின்தான் கொழுப்பைச் சேமிக்க வைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்சுலினை ஏற்றுவது அரிசி. மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை. அரிசியை விட்டால் இன்சுலின் இறங்கும், கொழுப்பு தானாகக் கரையும். நான் அரிசியை விட்டேன், எடை குறைந்தது.

வேதிவகுப்பு:

உங்களுக்குப் பலன் கிடைத்ததில் மகிழ்ச்சி. அப்பா போன்றவருக்கு அரிசியின் அளவைக் குறைப்பது நல்லது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நம் நாட்டு உணவில் ஆற்றலில் 60 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வருகிறது, பருப்பும் முட்டையும் மீனும் தட்டின் ஓரத்தில் கிடக்கின்றன. ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் அப்படியே நிற்காது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவும் மறு பிரிவுக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் ஓராண்டு பரிந்துரைத்தது. 2018-இல் முடிவு வந்தது. ஒரு பிரிவில் சராசரியாக 6 கிலோ, மற்றதில் 5.3 கிலோ குறைந்திருந்தது, புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. இன்சுலின் அதிகம் சுரப்பவர்களுக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவு கூடுதலாகப் பலன் தரும் என்ற எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை.

மாவுச்சத்து கல்லீரலில் செய்வது என்ன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கல்லீரலுக்குத் தேவைக்கு மேல் வரும் குளூக்கோஸ் அசிட்டைல்-கோஏ ஆகி, அதிலிருந்து மெலோனைல்-கோஏ உருவாகி, புதிய கொழுப்பு அமிலமாகிறது. அந்த மெலோனைல்-கோஏ சிபிடி-1 என்ற வாயிலை அடைக்கிறது. கொழுப்பு அமிலம் செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் எரிவது அந்த வாயில் வழியாகத்தான். ஆகவே கொழுப்பை உருவாக்குவதும் அதை எரிப்பதை நிறுத்துவதும் ஒரே பொருளால் நடக்கின்றன. கரும்புச் சர்க்கரையிலும் குளிர்பானங்களிலும் வரும் ஃபிரக்டோஸ் இன்னும் வேகமானது. குளூக்கோஸின் போக்கைக் கட்டுப்படுத்தும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் படியைத் தாண்டிக்கொண்டு நேரே உள்ளே நுழைந்துவிடும். போகிற போக்கில் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து யூரிக் அமிலத்தையும் கூட்டும்.

இன்சுலின் எதிர்ப்பு வந்த கல்லீரலில் இன்னொரு கொடுமை நடக்கிறது. இன்சுலின் சொல்லும் இரண்டு கட்டளைகளில் "சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து" என்பது எடுபடுவதில்லை. "கொழுப்பைத் தயாரி" என்பது எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதத்தின் வழியாகத் தொடர்ந்து எடுபடுகிறது. பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008-இல் இந்த முரணைத் தெளிவாக எடுத்து வைத்தார்கள். சர்க்கரையும் கூடும், கொழுப்பும் கூடும். கல்லீரல் அந்தக் கொழுப்பை விஎல்டிஎல் என்ற கொழுப்புச் சுமக்கும் துகளாகக் கட்டி இரத்தத்துக்குத் தள்ளும், ட்ரைகிளிசரைடு ஏறும். சிஇடிபி என்ற புரதம் அந்த ட்ரைகிளிசரைடை ஹெச்டிஎல்லுக்கு மாற்றிவிடும், அப்படி மாறிய ஹெச்டிஎல் விரைவில் சிதையும். வைகைக்கரை எழுதிய 268, 34 என்ற இரண்டு எண்களும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

இரவுப்பணி:

மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். வைகைக்கரை, ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவின் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23.4 வருகிறது. ஐரோப்பியருக்கு 25 வரை இயல்பு. ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. இந்தியாவில் 23 முதல் 24.9 வரை அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று 2009-இல் மருத்துவர்கள் கூடி வரையறுத்தார்கள். இடுப்பளவின் வரம்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். எடை இயந்திரத்தை மட்டும் பார்த்து அவரை ஒல்லியானவர் என்று சொல்வது ஆபத்து.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் இருவரும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யாக்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1 சதவீதம். பயிற்சி வகுப்பில் புதிதாகச் சேரும் பெண்களிடம் எதைச் சொல்லி மறந்தாலும் இதைச் சொல்ல மறப்பதில்லை.

இது பிறக்கும்போதே தொடங்குகிறது என்பதுதான் மனதை அழுத்துகிறது. புனே மாவட்டக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருந்தன. முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. கருவில் ஊட்டம் போதாத குழந்தை தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காத்துக்கொள்கிறது. கர்ப்பிணிகளுக்குப் புரதம் வேண்டும் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது பிரசவத்துக்காக மட்டுமல்ல.

நாடு முழுதும் இதன் விளைவைக் காணலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வு 2023-இல் வந்தது. சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர், அந்த நிலையை நெருங்கியவர்கள் 13.6 கோடி. வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம், பிஎம்ஐ கணக்கில் பருமன் 28.6 சதவீதம். வயிறு முந்திக்கொண்டு போவதைக் கவனியுங்கள்.

மல்லிகைப்பந்தல்:

இந்த இழையில் வைகைக்கரையின் அக்கா நான்தான் என்று சொல்லலாம் போலிருக்கிறது. எனக்கும் 90 கிலோவைத் தாண்டுகிறது. எந்த வைத்தியத்துக்குப் போனாலும், காது வலி என்று போனாலும்கூட, "முதலில் வாயைக் கட்டுங்கள்" என்றுதான் பேச்சு தொடங்கும். எத்தனையோ முறை குறைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பசி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது. கணக்கர் சொல்லும் கணக்கு எனக்கும் தெரியும். தெரிந்தும் முடியாமல் போவதை எல்லோரும் மன உறுதி இல்லாமை என்கிறார்கள். உயிர்வேதியியல் என்ன சொல்கிறது?

ஆய்வுக்கூடம்:

அக்கா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் துறை பாதி நூற்றாண்டு உழைத்திருக்கிறது.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் பிறவியிலேயே பருமனான ஓர் எலி வகை கிடைத்தது. பிறகு இன்னொரு வகையும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் அவற்றின் இரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார். முதல் வகை எலியைச் சாதாரண எலியோடு இணைத்தால் அதன் பசி குறைந்தது. இரண்டாம் வகையோடு இணைத்த சாதாரண எலி உண்ண மறுத்துப் பட்டினியால் இறந்தது. "போதும்" என்று சொல்லும் ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது, முதல் வகையால் அதைச் சுரக்க முடியவில்லை, இரண்டாம் வகையால் அதைக் கேட்க முடியவில்லை என்று அவர் முடிவுகட்டினார். 1994-இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃபிரைட்மன் குழு அந்தப் பொருளின் மரபணுவைக் கண்டறிந்தது. அதுதான் லெப்டின். சுரப்பது கொழுப்புத் திசு, கேட்பது மூளையின் ஹைப்போதலாமஸ்.

1997-இல் கேம்பிரிட்ஜில் இரண்டு குழந்தைகளிடம் லெப்டின் மரபணுவில் பழுது இருப்பது தெரிந்தது. அதில் மூத்தவளுக்கு வயது 8, எடை 86 கிலோ. அந்தக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் எத்தனை பேர் மன உறுதியைப் பற்றிப் பேசியிருப்பார்கள்! லெப்டின் ஊசி போட்டதும் அந்தக் கட்டுக்கடங்காத பசி அடங்கியது, ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது.

இப்படிப்பட்ட பழுது மிக அரிது. சாதாரணமாகப் பருமனாக உள்ளவர்களுக்கு லெப்டின் அதிகமாகவே இருக்கிறது, மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் எடையைக் குறைத்தவுடன் லெப்டின் சரிகிறது, அந்தச் சரிவை மூளை உடனே கேட்டுவிடுகிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. ஒரு தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துக் கெவின் ஹால் குழு சோதித்தது. ஓய்வில் அவர்கள் செலவழித்த ஆற்றல், அந்த உடலுக்கு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைவாக இருந்தது. நீங்கள் எதிர்த்து நின்றது இதை. இதற்குப் பெயர் மன உறுதி இல்லாமை என்றால் அந்தச் சொல்லுக்கே பொருள் இல்லை.

கணக்கர்:

செலவுப் பக்கமே மாறிக்கொண்டிருந்தால் கணக்குப் போடுவது எளிதல்ல என்பதை ஏற்கிறேன். மல்லிகைப்பந்தல், நான் எழுதியது உங்களை நோக்கி அல்ல. ஒரு கேள்வி: கரையும் கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்று உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்கிறார்கள். வயிற்றில் கட்டும் பட்டை ஒன்றும் விற்கிறார்கள்.

வேதிவகுப்பு:

மூச்சில் போகிறது. கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவும் நீரும் ஆகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக வெளியேறும், மீதி 1.6 கிலோதான் நீர். பட்டை கட்டி வியர்த்தால் உடம்பின் தண்ணீர் குறையும், மாலையில் குடித்ததும் திரும்பிவிடும். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டினேன், லெப்டின் பகுதியை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். இரண்டு கேள்விகள் மீதி இருக்கின்றன. அக்கா இப்படியே பாதுகாப்பாக இருப்பாரா? அப்பாவுக்கு வெளியே சிந்திய கொழுப்பைத் திரும்ப எடுக்க முடியுமா?

வேதிவகுப்பு:

அக்காவைப் பற்றி முதலில். மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் கொழுப்பைப் பிட்டத்துக்கும் தொடைக்கும் அனுப்புகிறது. அங்கே இருக்கும் கொழுப்பு எளிதில் கசியாது. மாதவிடாய் நின்ற பிறகு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்கும். நல்ல பரிசோதனை முடிவுகளோடு பருமனாக உள்ளவர்களில் பலருக்கு ஆண்டுகள் போகப் போக அந்த நிலை நீடிப்பதில்லை. முழங்கால் தேய்மானம், தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவை இன்சுலினுக்குக் காத்திருப்பதும் இல்லை. அக்காவுக்கு வேண்டியது ஆண்டுக்கொரு பரிசோதனை, இடுப்பளவைக் கூடவிடாமல் பார்ப்பது. உறவினர்களின் அறிவுரை வேண்டியதில்லை.

அப்பாவுக்கு நல்ல செய்தி உண்டு. நியூகாசிலைச் சேர்ந்த ராய் டெய்லர், ஒவ்வொருவருக்கும் கொழுப்பைத் தாங்கும் ஒரு சொந்த எல்லை இருக்கிறது, அதைத் தாண்டும்போதுதான் கல்லீரலும் கணையமும் பாதிக்கப்படுகின்றன என்கிறார். அவர் பங்கேற்ற டைரெக்ட் ஆய்வில், சில மாதங்கள் நாளுக்கு 850 கிலோகலோரி அளவு உணவு தரப்பட்டவர்களில் 46 சதவீதத்தினருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். அவர்கள் பருமனானவர்கள். பிறகு பருமன் இல்லாத 20 சர்க்கரை நோயாளிகளிடம் இதே முறையைச் சோதித்தபோது 14 பேருக்குச் சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் குறைத்தார்கள். கல்லீரல் கொழுப்பும் கணையக் கொழுப்பும் குறைந்தன.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இந்த அளவு உணவைத் தானாகக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். மருத்துவரிடம் பேசி, மாத்திரை அளவை மாற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். நோய் வந்து நீண்ட காலம் ஆகாதவர்களுக்குத்தான் பலன் அதிகம், அதனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

கூடவே தசை. அப்பாவின் ஒல்லியான காலைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. குளூக்கோஸை வாங்கும் இடமே அவருக்குக் குறைவு. தசை சுருங்கி விரியும்போது குளூட்-4 இன்சுலின் இல்லாமலே மேலே வருகிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவரிடமும் இந்த வழி பழுதாவதில்லை. சாப்பிட்ட பின் நடப்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைத் திரும்பத் திரும்பச் செய்வது, சிறிது எடை தூக்குவது எல்லாம் பயன் தரும். நடை மட்டும் போதாது, தசை வளர்வதற்குப் பளு வேண்டும்.

செம்மண்:

இப்போது எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆய்வுக்கூடம்:

ஜிஎல்பி-1 குடல் சுரக்கும் ஹார்மோன், இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாகுளூட்டைடு அதன் மாற்றியமைத்த வடிவம், ஒரு வாரம் நிற்கும். சாப்பிட்ட பிறகு இன்சுலினைத் தூண்டுகிறது, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, மூளையில் பசியைத் தணிக்கிறது. 2021-இல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசி, மற்றொரு குடல் ஹார்மோனான ஜிஐபியின் ஏற்பியையும் சேர்த்துத் தூண்டுகிறது, அதிக அளவில் 20.9 சதவீதம். நிறுத்தியவர்கள் ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். மல்லிகைப்பந்தல் அக்கா சொன்ன அதே பசிதான் திரும்புகிறது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல நீண்ட காலம் தொடர வேண்டிய சிகிச்சை என்று இதைப் புரிந்துகொள்வது நல்லது. விலையையும் அப்படி வைத்தே யோசிக்க வேண்டும்.

இரவுப்பணி:

ஊசியில் குறையும் எடையில் தசையும் ஒரு பங்கு. ஒல்லியான கால் உள்ளவர்களுக்குப் புரதமும் பளுப்பயிற்சியும் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. குமட்டல், வாந்தியால் சாப்பாட்டையே வெறுத்துவிடுகிறவர்களையும் வார்டில் பார்க்கிறோம். மருந்துக் கடையில் நேராக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வைகைக்கரை, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கல்லீரலைப் பற்றி ஒன்று கேளுங்கள். ஸ்கேன் கொழுப்பைக் காட்டும், தழும்பு விழுந்திருக்கிறதா என்பதைச் சரியாகக் காட்டாது. கல்லீரல் நொதிகளான ஏஎல்டி, ஏஎஸ்டி இயல்பாக இருந்தால்கூடத் தழும்பு இருக்கலாம். ஃபிப்-4 என்றொரு எளிய கணக்கு உண்டு. வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள். இரத்தத் தட்டணு எண்ணிக்கையை ஆயிரங்களில் எடுத்து, ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஃபிப்-4. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு, மேலே இருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று கேட்கலாம். புதிதாக இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. வழக்கமான பரிசோதனைத் தாளிலேயே அந்த மூன்று எண்களும் பெரும்பாலும் இருக்கும்.

வைகைக்கரை:

தாளை எடுத்துப் பார்த்தேன். ஏஎஸ்டி 41, ஏஎல்டி 58, தட்டணு 2,10,000.

இரவுப்பணி:

58-ஐ 41-ஆல் பெருக்கினால் 2378. ஏஎல்டியின் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.6, அதை 210-ஆல் பெருக்கினால் சுமார் 1600. வகுத்தால் 1.49 வருகிறது. 1.3-க்குச் சற்று மேல். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ஃபைப்ரோஸ்கேன் பற்றி இந்த மாதமே கேளுங்கள். தாளைக் கையோடு எடுத்துப் போங்கள்.